அடுத்த சொல்

சட்டைப் பையில் சூடு தெரிந்தது. போனின் சூடா, நெஞ்சின் சூடா என்று வேலாயுதத்துக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கையை வைத்துப் பார்த்தார். போன்தான். முதுகு மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு, எண்ணெயில் போட்ட பூரி உப்பத் தொடங்கும் அந்த முதல் நொடியைப் போல நின்றது. உள்ளே பேட்டரி வீங்கிவிட்டது, இனி சார்ஜ் போடாதீர்கள், தீப்பிடித்துவிடும் என்று கருங்கல்பாளையம் ரிப்பேர் கடைக்காரர் சொல்லியிருந்தார். வேறு பேட்டரி போட்டுக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, இந்த மாடலுக்கு பேட்டரி செய்வதைக் கம்பெனியே விட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டு, இன்னுமா இதை வைத்திருக்கிறீர்கள் என்று போனைப் பார்த்த பார்வையிலேயே அவரையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு கடை. எங்கேயும் அதே பதில், அதே பார்வை. கடைசியில் இங்கே, பஸ் ஸ்டாண்டை ஒட்டின இந்தப் பெரிய செல்போன் கடையில், ஏசி காற்று நேராகக் கழுத்தில் அடிக்கிற நாற்காலியில், டோக்கன் சீட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எச்சிலை விழுங்கினார். தொண்டையில் அது வழக்கமான இடத்தில் தங்கி, யோசித்து, பிறகு இறங்கியது. விழுங்காமல் இருந்தால் ஒன்றும் தெரியாது. விழுங்கக்கூடாது என்று நினைத்தால்தான் எச்சில் ஊறுகிறது. இன்று மத்தியானத்துக்குள் ரிப்போர்ட் வந்துவிடும் என்று லேபில் சொல்லியிருந்தார்கள். தொண்டையிலிருந்து பொட்டுச் சதையைக் கிள்ளி எடுத்து அனுப்பினதன் ரிப்போர்ட். மெசேஜில் அனுப்புவோம், உங்கள் நம்பருக்குப் போகவில்லை என்றால் கம்ப்யூட்டரில் உங்கள் மகள் நம்பர் இருக்கிறது, அதற்கு அனுப்பிவிடுகிறோம் என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னாள். மகள் நம்பர், மனைவி சுலோசனா இருந்த காலத்தில் கொடுத்தது. இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேண்டாம் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பார்த்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார். வந்து பார்த்தால் நேற்று ராத்திரியிலிருந்து மெசேஜ் ஆப் திறக்கவில்லை. அப்டேட் செய்யவும் என்கிறது. அப்டேட்டை அழுத்தினால், இந்தச் சாதனம் பழையது, இதில் இனி இயங்காது என்கிறது. இயங்காதாம். நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் இயங்கினது.

கவுண்டருக்கு முன்னால் டை கட்டின பையன் ஒருவன் ஒரு தம்பதிக்கு போனைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தான். கேமரா மூன்று, நிலாவைக்கூடப் பிடிக்கலாம் என்றான். அந்தப் பெண்மணி, நிலாவைப் பிடிச்சு நான் என்ன பண்ணப் போறேன் தம்பி, அடுப்பு மேடையில இருந்து விழுந்தா உடையாம இருக்கோணும், அதைச் சொல்லு என்றாள். புருஷன் சிரிக்காமல் தலையாட்டினான். அந்தப் பையன்தான் சற்று முன்பு வேலாயுதத்திடமும் வந்து, பழசைக் கொடுத்துவிட்டால் விலையில் குறைத்துக்கொள்வோம், புதுசுக்கு ஏழு வருஷத்துக்கு அப்டேட் கட்டாயம் வரும், கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். ஏழு வருஷம். போனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வைத்திருக்கிறவனுக்கு யார் எழுதிக் கொடுப்பது. அவனுக்கு ஏழு மாசத்துக்காவது எழுதிக் கொடுத்தால் ஒரு கும்பிடு போடலாம். இதை வாய்விட்டுச் சொன்னால் அந்தப் பையன் சிரிப்பான், சிரித்துவிட்டுப் பெரியவர் தமாஷ் பண்ணுகிறார் என்பான். வேலாயுதம் டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். கிளட்ச் பிளேட்டும் ஃபேன் பெல்ட்டும் கொடுத்துக் கொடுத்தே தலை நரைத்தது. அங்கேயும் இனி ஓடக்கூடாது என்று பஸ்ஸைக் கண்டம் பண்ணுவார்கள். என்ஜின் நன்றாக இருக்கும், அந்தியூர் ரூட்டில் போய்வந்த சூடுகூட ஆறியிருக்காது, ஆனால் வயசு ஆகிவிட்டது, ஓடின தூரம் ஆகிவிட்டது என்று சுண்ணாம்பில் பெருக்கல் குறி போட்டு வேலியோரம் நிறுத்திவிடுவார்கள். டிரைவர்கள் வந்து சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிவிட்டுப் போவார்கள். அப்போது அது இவருக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றும். அந்த பஸ்களுக்காவது ஸ்பேர் இருந்தது. கேட்டால் ஸ்டோரில் இல்லை என்று இவர் சொன்னதே கிடையாது, இல்லாவிட்டால் சேலம் டிப்போவுக்குப் போன் போட்டாவது வரவழைப்பார். இல்லை என்று சொல்வதில் ஒரு தோரணை இருக்கிறது. ரிப்பேர் கடைக்காரர் அந்தத் தோரணையில் சொன்னார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. டாக்டர் எதையும் சொல்லவில்லை, டார்ச்சை அணைத்துவிட்டு, எதுக்கும் பாத்துருவோம் என்றார். எதுக்கும். அந்தச் சொல்லைத்தான் மூன்று நாளாக மென்றுகொண்டிருக்கிறார், அதுவும் இறங்கவில்லை.

மகள் ரேணுகாவுக்குத் தெரியக்கூடாது. அவள் பூனாவில் இருக்கிறாள். பையனுக்குப் பத்தாவது பரீட்சை நடக்கிறது, அவனைவிட அவள்தான் பரீட்சை எழுதுகிறாள். இந்த நேரத்தில் இதைப் போய்ச் சொன்னால் கிளம்பி வந்து நிற்பாள். வந்து நின்று, எப்போதிலிருந்துப்பா விழுங்க முடியலை, ஏன் சொல்லலை என்று கேட்பாள். அவளுக்கு ஏற்கெனவே இவர்மேல் ஒரு சந்தேகம் உண்டு. அப்பா மெசேஜ் போட்டால் பதில் போடுவதில்லை, கும்பிடுகிற கை படத்தைப் போடுகிறார், இல்லாவிட்டால் போன் பண்ணிக் கரகரவென்று பேசிவிட்டு வைத்துவிடுகிறார், எழுத்து மறந்துபோய்விட்டதா, எதற்கும் மூளை டாக்டரிடம் ஒருமுறை காட்டலாமா என்று தன் சித்தியிடம் கேட்டிருக்கிறாள். சித்தி அதை அப்படியே இவரிடம் வந்து சொன்னாள். எழுத்தெல்லாம் மறக்கவில்லை. நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தே எல்லாம் கற்றுக்கொண்டவருக்கு எழுத்து எங்கே மறக்கும். அடிக்கக்கூடாது என்றுதான் அடிக்கவில்லை. இதை மகளிடம் எப்படிச் சொல்வது. இது உங்கள் அம்மாவின் போன், இதில் அவளுடைய சொற்கள் இருக்கின்றன, நான் ஒரு சொல் அடித்தால் அவளுடைய சொல் ஒன்று பின்னால் போய்விடும் என்று சொன்னால் நேரே மூளை டாக்டரிடம்தான் கூட்டிப்போவாள்.

போன் சுலோசனாவுடையது. அவள் போன பிறகு இவருடைய பட்டன் போனில் சிக்னல் வருவதும் போவதுமாக ஆகி, கடைசியில் வராமலே போய், அம்மா போனையே வைத்துக்கொள்ளுங்கள் என்று ரேணுகா சொல்லி, வைத்துக்கொண்டார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பால்காரருக்கு நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. கீழே எழுத்துப் பலகை, அதற்கு மேலே சின்னதாக மூன்று கட்டங்கள். ‘நா’ என்று அடித்ததும் ஒரு கட்டத்தில் ‘நாளைக்கு’ என்று வந்து நின்றது. பரவாயில்லையே என்று அதைத் தொட்டார். உடனே அடுத்த சொல்லுக்கு மூன்று கட்டம். ‘நாளைக்கு’க்குப் பக்கத்தில் ‘வெள்ளிக்கிழமை’, ‘வெரசா’, ‘வாங்க’. வெரசா. புத்தகத்தில் இல்லாத சொல். கம்பெனிக்காரன் எழுதி வைத்திருக்க முடியாது. சீக்கிரம் வீடு திரும்பச் சொல்லி, வெரசா வாங்க என்று ஒவ்வொரு சாயங்காலமும் அவள் வாயில் கேட்ட சொல். வேலாயுதம் போனை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, பால்காரருக்கு அடித்ததை அழித்துவிட்டு, ‘ஏ’ என்ற ஒற்றை எழுத்தை மட்டும் தொட்டார். ‘ஏனுங்க’ என்றது. கூப்பிட்டது போலவே இருந்தது. ஏனுங்க என்றால் சமையல்கட்டிலிருந்து அது ஒரு மாதிரி, வாசலிலிருந்து வேறு மாதிரி, கோபத்தில் கடைசி எழுத்து மட்டும் அறுந்து விழும். கட்டத்துக்குள் எந்த மாதிரி என்று சொல்ல முடியாது. மெசேஜ்களை அவள் வைத்திருக்கவில்லை. பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது போல, பேசி முடித்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் படுப்பாள். குப்பை சேரக்கூடாது அவளுக்கு. படம், பேச்சு ஒன்றும் இல்லை. இந்த மூன்று கட்டங்கள்தான் மிச்சம். அதன்பிறகு சில ராத்திரிகள் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் பார்ப்பதும் அழிப்பதுமாகப் போயிற்று. ‘மா’வுக்கு மாத்திரை. ‘சொ’வுக்குச் சொட்டு மருந்து. ‘ப’வுக்குப் பத்திரமா. அப்படித்தான் ஒருநாள் ‘வே’ என்று தொட்டார். வேண்டாம், வேலை, என்று இரண்டு கட்டம். நடுக்கட்டத்தில் ‘வேலாயுதம்’.

அவள் அவர் பெயரைச் சொன்னதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் என்றாலும், காலம் மாறி, அவள் தங்கைகளே புருஷனைப் பெயர் சொல்லி அதட்ட ஆரம்பித்த பிறகும் அவள் மாறவில்லை. ரேஷன் கார்டில் திருத்தம் போடப் போனபோது, வீட்டுக்காரர் பேர் சொல்லும்மா என்று கேட்ட கிளார்க்கிடம், முருகன் கையில வெச்சிருக்கிறதுங்க என்றாள். வேலா என்றார் அவர். ஆமாங்க, ஆனா அது பாதிதானுங்க என்றாள். வரிசையில் நின்றவர்களெல்லாம் ஆளுக்கொரு பெயர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வேல்முருகன், வேல்சாமி, சக்திவேல். இவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டி இல்லை இல்லை என்கிறாள். வேலாயுதம் பின்னால் நின்று வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், ஒரே ஒருமுறை சொல்லு, யாருக்கும் தெரியாது, கதவைச் சாத்தியாச்சு என்று கேட்டார். சொன்னா ஆயுசு குறையுமுங்க என்றாள். யாருக்கு என்று கேட்டதற்கு, கேக்கிறவங்களுக்குத்தான் என்று போய்விட்டாள். போன் வந்த பிறகும் அதில் இவர் நம்பரை ‘ரேணுகா அப்பா’ என்றுதான் போட்டு வைத்திருந்தாள். அப்படிப்பட்டவள் இந்த எழுத்துப் பலகையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால், வே, லா, யு என்று தேடித்தேடித் தொட்டிருக்கிறாள். யாருக்கு? எதற்கு? அல்லது அவள் அடிக்கவே இல்லையோ. இவரே முன்னால் எப்போதாவது, கேஸ் சிலிண்டருக்கோ பென்ஷனுக்கோ, இந்த போனில் தன் பெயரை அடித்திருப்பாரோ. அடித்த ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பது அடிக்கவில்லை என்று ஆகாது. அடித்திருந்தால் நடுக்கட்டத்தில் நிற்கிறது இவருடைய விரல்தான், அவளுடையது இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பெயரைத் தொட்டு, அடுத்த சொல் என்ன வருகிறது என்று பார்ப்பது. தொடவில்லை. தொட்டால் அது இவர் தொட்டதாகக் கணக்காகி, அவள் விட்டுப்போன வரிசை கலைந்துவிடும் என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், அடுத்த சொல்லே. பெயரைச் சொல்லாதவள் பெயரைச் சொல்லி என்ன சொல்லியிருப்பாள். யாரிடமாவது இவரைப் பற்றிக் குறை சொல்லியிருப்பாளோ. குறை சொல்ல எத்தனையோ இருந்தது. ‘வேலாயுதம்’ என்பதற்குப் பக்கத்தில் என்ன வரும், சரியில்லை என்று வருமா, கத்துவார் என்று வருமா. இரண்டு வருஷமாக அந்தக் கட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டு திரும்பித் திரும்பி வந்திருக்கிறார்.

கத்துவார்தான். அதே லேபில் கத்தியிருக்கிறார். சுலோசனாவுக்கு வயிற்றில் ஸ்கேனும் சதைப் பரிசோதனையும் எடுத்து, ரிப்போர்ட் தயாரானால் சொல்லுங்கள் என்று இவர் தன்னுடைய நம்பரைத்தான் கொடுத்தார், தானே சொல்லிச் சொல்லி அந்தப் பெண் எழுதினதைப் பார்த்தார். நாள் போகிறது, தகவல் வரவில்லை. கேட்டால் சுலோசனா, வருமுங்க, உங்க கண்ணைப் பாருங்க முதல்ல என்பாள். அவருக்கு அப்போது வலது கண்ணில் புரை ஆபரேஷன். இரண்டுமுறை தேதி கொடுத்து, போய்ப் படுத்தால் பிரஷர் ஏறிக்கிடக்கிறது, பயப்படறீங்க, போய்ட்டு இன்னொரு நாள் வாங்க என்று கண் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இனியும் தள்ளினால் கண் கெட்டுவிடும் என்றும் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் முறை எப்படியோ நடந்தது. கட்டுப் பிரித்து, சொட்டு மருந்து விட்டு, இவர் தலையை அவள் மடியில் சாய்த்துக்கொண்டு இமையை விலக்கி, மேல பாருங்க, மேல பாருங்க என்பாள். மேலே பார்த்தால் அவள் முகம்தான் தெரியும். தெளிவாகத் தெரியும். இத்தனை வருஷத்தில் பார்க்காத ஒரு மச்சத்தைக்கூட அப்போதுதான் பார்த்தார். அதெல்லாம் முடிந்து, வெளியே போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே லேபுக்குப் போய்ச் சத்தம் போட்டார். அவர்கள் ரிப்போர்ட் எப்போதோ போய்விட்டது என்றார்கள். எந்த நம்பருக்கு என்று பார்த்தால் சுலோசனா நம்பர். நான் கொடுத்த நம்பர் எங்கே, யாரைக் கேட்டு மாத்தினீங்க, ஒரு உசிரு விஷயம் உங்களுக்கு விளையாட்டா என்று மேஜையைத் தட்டினார். அந்தப் பெண் பதில் சொல்லாமல் இவருக்குப் பின்னால் நின்ற சுலோசனாவைப் பார்த்தாள். சுலோசனா சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஏனுங்க, விடுங்க. வெளியே வந்து, எனக்கு மெசேஜ் வந்துதுங்களோ என்னமோ, நான் சரியாப் பார்க்கலை என்றாள். அந்த நாள்கள் வீணாகாமல் இருந்திருந்தால் என்று இவர் யாரிடமெல்லாமோ சொல்லியிருக்கிறார். லேப்காரன் தப்பு, லேப்காரன் தப்பு. நேற்றுக்கூட அங்கே நாற்காலியில் உட்கார்ந்தபோது அந்த மேஜையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

டோக்கன் கூப்பிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் நஸ்ரீன் என்று பெயர் குத்தியிருந்தது. வாங்க அங்கிள் என்று சொல்லி, முன்னாலேயே இவர் தேர்ந்தெடுத்திருந்த புது போனைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தாள். பழசை நீட்டச் சொன்னாள். வாங்கி, உப்பின முதுகைப் பார்த்து, அல்லா, இதையா பாக்கெட்ல வெச்சிட்டு வந்தீங்க என்றாள். சிம்மைக் கழற்றிப் புதுசில் போட்டாள். சார்ஜ் சிவப்புக்கு வந்துவிட்டது, அணைவதற்குள் படமும் நம்பர்களும் புதுசுக்கு ஏற்றிவிடலாம் என்று வயரைக் கோர்த்தாள். எல்லாம் வந்துவிடும் என்றாள். இந்த எழுத்துப் பலகையில் வருகிறதே, அது வருமா என்று வேலாயுதம் கேட்டார். என்னது என்றாள். மேலே மூன்று கட்டத்தில் வருகிற சொற்கள். அவளுக்குப் புரிந்தது. அது இந்த கம்பெனி கீபோர்டு, புதுசுல இது கிடையாது, பழக்கின வார்த்தை எதுவும் வராது, புதுசுல நீங்களே அடிச்சுப் பழக்கிக்கணும் என்றாள். அடிக்க அடிக்க அதுவாகக் கத்துக்குமாம். படம் ஏறிக்கொண்டிருந்தபோதே அவள் பழைய போனை இழுத்து, திரை தொடுவது சரியாக இருக்கிறதா, எக்ஸ்சேஞ்சுக்குப் பார்க்கணும் என்று ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, அந்த எழுத்துகளின் மேல் விரலைச் சரசரவென்று ஓட்டினாள்.

“தொடாதம்மா” என்றார் வேலாயுதம்.

பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிலா வேண்டாம் என்ற அந்தப் பெண்மணியும் பார்த்தாள். நஸ்ரீன் கையை எடுத்துக்கொண்டாள். திட்டு வாங்கின முகம் இல்லை, சுட்டுக்கொண்ட முகம். என்னென்ன எழுத்தைத் தொட்டாளோ, எது எது பின்னால் போயிற்றோ. ஒன்றுமில்லை, வீட்டுக்காரியோட போன் என்றார். இப்ப இல்லை அவ. சொன்ன பிறகு, சம்பந்தமில்லாமல் சொல்லிவிட்டோமோ என்று இருந்தது. நஸ்ரீன் வயரைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

“ஏறி முடிஞ்சிருச்சு அங்கிள். எக்ஸ்சேஞ்ச் வேண்டாம்னா விடுங்க. ஆனா வீட்ல வெச்சு சார்ஜ் மட்டும் போட்றாதீங்க. இப்ப இருக்கிற சார்ஜ்தான் இதுக்கு. ஏதாச்சும் பாக்கணும்னா இப்பவே பாத்துக்குங்க.”

வயரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவள் பில் போடத் திரும்பிக்கொண்டாள். இப்பவே பாத்துக்குங்க. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் நர்ஸும் இந்த வார்த்தையைத்தான் சொன்னாள். அன்றைக்கு இவர் உள்ளே போகவில்லை. வராந்தாவில், மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். படிக்கிற மாதிரி. போனால் அவள் ஏதாவது சொல்வாள், அல்லது சொல்ல முடியாமல் பார்ப்பாள், இரண்டையும் தாங்க முடியாது என்று நின்றார். ரேணுகா வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனபோது அவள் கண்ணை மூடியிருந்தாள். இப்போது கூட்டிப்போக யாரும் இல்லை. சிவப்புக் கோடு மெலிந்துகொண்டே இருந்தது. வெளிச்சம் தானாகக் குறைந்தது. மங்கின திரையை வலது கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, ‘வே’ என்று தொட்டார். நஸ்ரீன் விரல் ஓட்டினதில் போயிருக்குமோ என்று நினைத்தார். போகவில்லை. நடுக்கட்டத்தில் நின்றது. எச்சிலை விழுங்கினார். அது தங்கியது, இறங்கவில்லை. கட்டத்தைத் தொட்டார்.

‘நம்பருக்கு’ என்று வந்தது. குறையும் இல்லை, ஒன்றும் இல்லை, நம்பருக்கு. இது என்ன என்று புரியாமல் அதையும் தொட்டார். ‘அனுப்ப’. அதைத் தொட்டார். ‘வேண்டாம்’. விரல் நிற்கவில்லை, இனி நிறுத்தினால் திரும்பவும் இரண்டு வருஷம் நிற்க வேண்டியிருக்கும். ‘பயந்துக்குவார்’ என்று வந்தது. பிறகு ‘கண்’. பிறகு ‘ஆபரேஷன்’. பிறகு ‘முடியட்டும்’. அதற்குப் பிறகு மூன்று கட்டத்திலும் எல்லாருக்கும் வருகிற பொதுச் சொற்கள் வந்து நின்றன. வரிசையாகப் படித்தார். வேலாயுதம் நம்பருக்கு அனுப்ப வேண்டாம் பயந்துக்குவார் கண் ஆபரேஷன் முடியட்டும். ஒருமுறை அடித்தால் இது மனப்பாடம் பண்ணாது. லேபுக்கு, டாக்டரின் கம்பவுண்டருக்கு, இன்னும் யார் யாருக்கோ அடித்திருக்கிறாள். அவர் என்று எழுதினால் யாரென்று தெரியாதவர்கள். அதனால்தான் பெயர். படிக்கும்போதே ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அந்த லேப் பெண் ஏன் பதில் சொல்லாமல் பின்னால் பார்த்தாள் என்பது. சட்டையை இழுத்தது. மேல பாருங்க, மேல பாருங்க. அந்த முகம். தெரிந்துகொண்டு குனிந்த முகம். தன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, கை நடுங்காமல் சொட்டு மருந்து விட்டிருக்கிறாள். இவர் மச்சத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கோபம்தான் முதலில் வந்தது. யார் சொன்னது பயந்துக்குவார் என்று. பயந்தால் என்ன. பயந்துகொண்டே கூட நின்றிருக்க மாட்டேனா. ஒரு கண் போனால் போகிறது. என்னை லேபில் கத்தவிட்டு வேடிக்கை பார்த்தாயே. அந்தப் பெண் யாருடைய தப்பையோ வாங்கிக்கொண்டு நின்றாளே, இரண்டு வருஷம் நான் அவளை வைதேனே. கோபம் போய் முட்டின இடத்தில் ஒன்றும் இல்லை. பயந்துக்குவார் என்பது சரிதான். வராந்தாவில் மருந்துச் சீட்டைப் படித்தவன் நான்தானே. அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. திரை ஒருமுறை வெளிறி, கம்பெனிப் பெயர் வந்து, அணைந்தது. கறுப்புக் கண்ணாடியில் கடையின் டியூப்லைட்டும் இவர் நெற்றியும் தெரிந்தன. பொத்தானை அழுத்திப் பார்க்கவில்லை.

போயிருச்சுங்களா என்று நஸ்ரீன் கேட்டாள். போயிருச்சு என்றார். பார்த்துட்டீங்களா என்றாள். தலையாட்டினார். அவள் மேற்கொண்டு கேட்காமல் புது போனை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். எடை இல்லாதது போல இருந்தது. மெசேஜ் ஆப் அதில் திறந்துகொண்டது. திறந்ததும் தடதடவென்று நேற்றிலிருந்து தேங்கினதெல்லாம் வந்து விழுந்தது. ரேணுகா, பையன் இன்றைக்குக் கணக்குப் பரீட்சை நன்றாக எழுதினான் என்று போட்டிருந்தாள், அதற்குக் கீழே, எங்கப்பா இருக்கீங்க, ஏன் மெசேஜ் பார்க்கலை. அதற்கும் கீழே லேப். ரிப்போர்ட் தயார், வரும்போது வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துவரும்படி டாக்டர் சொல்கிறார், உங்கள் மகள் ரேணுகா எண்ணுக்கு அனுப்பிவிடலாமா, பதில் தரவும். வீட்டிலிருந்து ஒருவரை. வேலாயுதம் அந்த வரியை இரண்டு கண்ணாலும் மாற்றி மாற்றிப் படித்தார். என்ன எழுத வேண்டும் என்று நேற்றிலிருந்து மனசுக்குள் எழுதி எழுதிப் பாடமாகியிருந்தது. ரேணுகா நம்பருக்கு அனுப்ப வேண்டாம், பையனுக்குப் பரீட்சை முடியட்டும். விரல் அதை அடிக்கத்தான் போயிற்று. இப்போதுதான் காதில் விழுந்தது, அது யார் எழுதின வாக்கியம் என்று. பெயரும் காரணமும் தவிர ஒரு சொல் மாறாமல். எத்தனையோ வருஷம் அவள் கூடவே இருந்து, கடைசியில் இதைத்தான் கற்றுக்கொண்டாரா.

எழுத்து எழுத்தாக அடித்தார். இந்தப் பலகைக்கு அவரைத் தெரியாது, அவளைத் தெரியாது, ரேணுகாவையும் தெரியாது. பெயரை முழுசாக அடித்து முடிக்கும்வரை ஒரு கட்டமும் உதவிக்கு வரவில்லை. ‘நம்பருக்கு’ என்றும் அடித்தார். இடம் விட்டார். அடுத்த சொல்லுக்கு மூன்று கட்டம் வந்தது. யாரும் பழக்காத, கம்பெனிக்காரன் எல்லாருக்கும் பொதுவாக வைத்த சொற்கள். ‘மற்றும்’. ‘அழைக்கவும்’. நடுவில் ‘அனுப்பவும்’. வேண்டாம் என்பது அதில் இல்லை. வேண்டுமானால் தேடி அடித்துக்கொள்ளலாம். பில்லை நீட்டிக்கொண்டு நஸ்ரீன் நின்றாள், அவசரப்படுத்தவில்லை. சட்டைப் பையில் பழைய போன் ஆற ஆரம்பித்திருந்தது.

பயந்துக்குவாள்.

பயந்துக்கட்டும் என்று நினைத்து, நடுக்கட்டத்தைத் தொட்டார்.